நான் மாற்றி அடித்த குச்சிகள்

காலையில் வேலைக்குப் போகும்போது வாசலில் ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஃபேக்டரி பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தபோது குச்சி இருந்தது.

முழ உயரம். தலையில் சிவப்புச் சாயம். பக்கத்தில் கறுப்பு மையில் ஏதோ எண். எங்கள் குளியலறைச் சுவரிலிருந்து நாலு எட்டு தூரம்கூட இருக்காது. அதுபோல இன்னும் நாலு. வாழை, கொய்யா மரம் எல்லாம் தாண்டி ஓடைப் பக்கம் வரைக்கும் ஒரே நேராகப் போயிருந்தது.

என் வீட்டுக்காரர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். சீனி வியாதியில் வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்தாகிவிட்டது. அந்த ஜன்னல்தான் அவருக்கு எல்லாம்.

"யாரு வந்தாங்க?"

"மூணு பேரு. கூட ஒரு மெஷினு. அதுக்கே மூணு காலு."

"என்ன சொன்னாங்க?"

"அளக்க மட்டும்தான்னாங்க. பெரிய கரண்டுக் கம்பி வருதாம்."

சட்டையை மாற்றாமலே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் இடம் கூலாய் டவுனுக்கு உள்ளே தள்ளி இருக்கிறது. நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை முதலாளி வீட்டு மனைக்கு விற்றபோது எங்களுக்குக் கிடைத்த காசில் பதினாலு குடும்பம் சேர்ந்து இந்த நிலத்தை வாங்கினோம். ஒரே கெரான், பட்டா மாதிரி, அதில் பதினாலு பேர். ஆளுக்கு ஒரு துண்டு பிரித்துக்கொண்டு வீடு போட்டோம். பிரித்தது எங்களுக்குள்தான், பேப்பரில் இல்லை. அந்தக் கெரானில் முதல் பேர் தோட்டத்தில் எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோருடையது. அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது. கம்பி வரப்போகிறது என்று சர்க்கார் அனுப்பிய கடிதம் அவர் பேருக்கு, தோட்டத்துப் பழைய விலாசத்துக்குப் போயிருக்கிறது. செத்தவருக்கு வந்த கடிதத்தை யார் பிரிப்பார்கள். அதனால் எங்களுக்கு முதலில் வந்தது குச்சிதான்.

பக்கத்து ஊர் செனாயில் ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடம் எழும்புகிறது. டேட்டா சென்டர் என்கிறார்கள். ராத்திரி பகல் கரண்டு குடிக்குமாம். அதற்குத்தான் கம்பி.

அந்தக் கம்பியைத் தாங்குகிற கோபுரங்களை யோங் பெங் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். கம்பிக்கு அடியில் வீடு இருக்காது. மரம் இருக்காது. புல்தான் இருக்கும். அன்றைக்கு அதுதான் கண் முன்னால் நின்றது. வீட்டை எடுத்தால் எங்களுக்குக் கிடைப்பது மாடி வீடு. லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அவரை யார் தூக்கி இறக்குவது? வாரம் ஒருமுறை புண்ணுக்கு மருந்து கட்ட கிளினிக் போகவேண்டும். இங்கே வாசலில் சிமெண்டுச் சரிவு போட்டிருக்கிறேன், வண்டியைத் தள்ளிக்கொண்டே ரோட்டுக்கு வந்துவிடலாம். அந்தச் சரிவு நானே குழைத்துப் போட்டது.

குச்சி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். இல்லை, தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் மறுநடவு வந்தால் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் கன்றுக்கு முதலில் குச்சி அடிப்போம். நிரை பிடிக்கிறது என்போம். நான் அதில் ஒன்பது வருஷம். ஒரு குச்சிக்குப் பின்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கவேண்டும். மற்ற ரெண்டும் அதன் பின்னால் மறைந்துபோக வேண்டும். மறையவில்லை என்றால் கணக்குப் பார்க்கிற கிராணி வந்து பிடுங்கி எறிவார், அன்றைய பேர் போச்சு, கூலியும் போச்சு. குச்சி அடித்த இடத்தில் குழி. குழி வெட்டிய இடத்தில் கன்று. நடுவில் யாரும் யாரையும் எதுவும் கேட்டது கிடையாது. குச்சி வந்துவிட்டால் முடிவு வந்துவிட்டது. தோட்டத்தில் இருந்த முப்பது வருஷமும் அப்படித்தான் பார்த்திருக்கிறேன்.

அதனால் நான் செய்ததை இப்போது சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லாபிஸில் ஒரு கல்யாணம். எல்லாரும் ரெண்டு வேனில் போய்விட்டார்கள். அவரை விட்டுப் போக முடியாது என்று நான் போகவில்லை. பத்து மணி வெயில். நாய்களைத் தவிர யாரும் இல்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அந்தக் குச்சிகளை ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிப் பிடுங்கினேன். கிழக்கே இருபது எட்டு தள்ளி வைத்து அடித்தேன். பழைய ஓட்டையில் மண் போட்டு மிதித்து மேலே சருகு போட்டேன்.

கிழக்கே என்றால் பக்கத்து வீட்டு அக்கா பக்கம். அக்கா கூடப் பிறந்தவள் இல்லை. நிரை பிடிக்கும்போது கயிற்றின் ஒரு முனை என் கையில், மறு முனை அவள் கையில். அப்படிப் பழக்கம். புருஷன் இல்லை. மகன் சிங்கப்பூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். தனி ஆள்.

அவள் கொய்யா மரத்துக்கும் கோழிக் கூண்டுக்கும் நடுவில் போய்விடும் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நேர் பிடிக்கவேண்டும் இல்லையா. குனிந்து பார்த்தால் கடைசிக் குச்சி அவள் சமையல்கட்டுச் சாக்கடை ஓரம் விழுகிறது. சுவரிலிருந்து ஒரு சாண்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். அடித்தேன்.

திரும்பி வந்தபோது அவர் ஜன்னலோரம் இருந்தார். என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த மண்வெட்டியைப் பார்த்தார். டீ கேட்டார்.

மறுநாள் காலை அக்கா வந்தாள். தலை வாரவில்லை.

"என் அடுப்படிகிட்ட குச்சி நிக்குது. உங்க பக்கம்தான இருந்துச்சு?"

அவர்தான் சொன்னார்.

"குச்சிக்குக் காலு மொளச்சிருச்சு போல. எனக்குத்தான் மொளைக்கல."

"சிரிக்கிற நேரமா இது, அண்ணே?"

"சிரிக்கலையே. பொறாமையா இருக்குது." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். அவள் போன பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம்.

அக்கா ரெண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. சாமி படங்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டாள். கோழிகளை யாருக்குக் கொடுப்பது என்று கேட்டாள். பிரஷர் ஏறி ஒருநாள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் தண்ணீர் கொடுத்தேன். அவள் பயத்தைப் பார்க்கப் பார்க்க என் பயம் குறையும் என்று நினைத்தேன். கூடத்தான் செய்தது. முன்னே வீட்டுக்கு மட்டும் பயந்தேன். இப்போது அவள் முகத்துக்கும் சேர்த்து.

மூன்றாம் நாள், "நிலாபீசுக்கு வா, எனக்கு மலாய் பத்தாது" என்றாள். லீவு போட்டுப் போனேன்.

நில ஆபீஸ் சுவரில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தது. கவுண்டரில் இருந்த பெண், "எதிர்ப்பு இருந்தால் இந்தப் பாரத்தில் எழுதிக் கொடுக்கலாம். வருகிற சனிக்கிழமை பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டம், எல்லாரும் வந்து பேசலாம்" என்றாள். எல்லாரும் வந்து பேசலாம் என்று அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. தோட்டத்தில் பேசச் சொல்லிக் கூப்பிட்டு, பேசினவர்களுக்கு வேலை போனதை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு எழுதத் தெரியாது. பாரத்தை என்னிடம் தள்ளினாள்.

"எழுது. கோபுரம் அடுப்படிக்கு ஒரு சாண்ல வருதுன்னு எழுது. நான் தனியா இருக்கேன்னு எழுது."

எழுதினேன். மலாயில் நாலு வரி. ஒரு சொல்லை ரெண்டு தடவை அடித்து எழுதினேன். அவள் என் தோளைத் தொட்டு, "பயப்படாத, உன் வீடு தப்பிச்சிருச்சுல்ல" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

சனிக்கிழமை பாலாய் ராயா நிறைந்துவிட்டது. எங்கள் பதினாலு குடும்பம், பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து மலாய்க்காரர்கள், சிறு தோட்டம் வைத்திருக்கிறவர்கள். பின்னால் மேஜையில் கரிபாப், தண்ணி டீ. முன்னால் மூன்று பேர். நிலாபீஸ் அதிகாரி ஒருவர். கம்பி போடுகிற கம்பெனியின் இன்ஜினியர் ஒருவர். கரண்டு விஷயத்தைக் கட்டுப்படுத்துகிற சர்க்கார் ஆபீசிலிருந்து தலைக்குத் துடோங் முக்காடு போட்ட ஒரு அம்மா. புவான் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர்தான் பேசினார். நிதானமாக, எல்லாருக்கும் புரிகிற மலாய்.

"கம்பெனி மூன்று பாதை காட்டியிருக்கிறது. சிவப்பு, நீலம், பச்சை. எது என்று இன்னும் முடிவாகவில்லை. யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்வோம். எழுதியதற்குப் பதில் சொல்லாமல் கம்பெனிக்கு அனுமதி கிடைக்காது."

முடிவாகவில்லை என்று சொன்னார். முடிவாகவில்லை என்றால் குச்சி எதற்கு?

சிவப்பு எங்கள் பக்கம். நீலம் மலாய்க் கம்பத்து வழி. பச்சை ஓடைக்கு அந்தப் பக்கம்.

மைக் சுற்றி வந்தது. அக்கா வாங்கிக்கொண்டாள். எழுந்து நின்றாள். தெரிந்த மலாயில் சொன்னாள். "துவான், புவான். என் சமையல்கட்டில் உங்கள் குச்சி நிற்கிறது. நான் எங்கே போவேன்?"

இன்ஜினியர் கையிலிருந்த தட்டைக் கம்ப்யூட்டரைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார்.

"மக்சிக், எங்கள் கணக்கில் உங்கள் வீட்டருகே குச்சியே இல்லை."

"கண்ணால் பார்த்தேன், துவான்."

"அப்படியானால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். அளவுக் குச்சியைத் தொடுவது குற்றம். தெரியுமா?"

எங்கள் ஆள் ஒருவர் பின்னாலிருந்து, "மாடு முட்டியிருக்கும், துவான்" என்றார்.

"ஐந்தையுமா?" என்றார் இன்ஜினியர்.

"பெரிய மாடு."

நாலு பேர் சிரித்தார்கள். குச்சி அடிக்க வந்த ஆட்களில் ஒருவர் ஓரமாக நின்றிருந்தார். கூட்டத்துக்கு வருகிற வழியில் போனில் எடுத்த படத்தை அவர் நீட்டினார். "இதைப் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி இருக்கிறது. நாங்கள் மெஷின் வைத்து அடித்ததைவிட நேர். அந்த மாட்டை எங்கள் கம்பெனிக்கு அனுப்புங்கள்."

கூடமே சிரித்தது. புவான்கூடச் சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. மைக்கைப் பிடித்தபடியே மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

அந்த இடத்தில் அவ்வளவு நேராகக் குச்சி அடிக்கத் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். ஒருத்தி அவள்.

எழுந்தால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால் வீட்டைப் பார்ப்பார்கள். பின்பக்கம் இழுத்துக் கட்டிய குளியலறைக்குப் பெர்மிட் இல்லை. அதையும் பார்ப்பார்கள். உட்கார்ந்தே இருந்தால் ஒன்றும் ஆகாது. அக்காவும் சொல்லமாட்டாள். அது எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருப்பாள், அவ்வளவுதான். சாகிற வரைக்கும்.

எழுந்தேன். கால் எழுந்ததா நான் எழுந்தேனா தெரியவில்லை.

"நான்தான், புவான்."

"என்ன, ஆன்டி?"

"குச்சி. நான்தான் மாற்றினேன். என் வீட்டுக்கு மேலே வந்தது. என் வீட்டுக்காரருக்குக் கால் இல்லை. அதனால் அவள் பக்கம் தள்ளினேன்."

மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. இன்ஜினியர் நிலாபீஸ் அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். போலீஸ் என்ற சொல் கேட்டது. புவான் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எவ்வளவு தூரம் தள்ளினீர்கள்?"

"இருபது எட்டு."

அவர் எழுந்து வரைபடத்துக்கு வந்தார். பேனாவால் சிவப்புக் கோட்டைத் தொட்டார். "தெங்கா," என்றார். நடு. பிறகு கையை ரெண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். குச்சி நடு மட்டும்தானாம். அந்தப் பக்கம் இவ்வளவு, இந்தப் பக்கம் இவ்வளவு காலி செய்யவேண்டுமாம். அவர் விரித்த கைக்குள் ஒரு பக்கம் என் வீடு. மறு ஓரத்தில் அக்கா வீடு.

"நீங்கள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் ரெண்டு வீடும் உள்ளேதான் இருக்கிறது, ஆன்டி."

குச்சி வைத்த இடத்தில்தான் மரம் நிற்கும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சுற்றி அகலம் இருக்கும் என்று யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

புவான் எச்சரிக்கை என்று எழுதி என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். இன்னொரு தடவை நடந்தால் கேஸ் என்றார். பிறகு என் பாரத்தைத் தேடினார். நான் பாரமே கொடுக்கவில்லை என்று தெரிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கால் விஷயத்தை ஏன் எழுதிக் கொடுக்கவில்லை? அதை நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். சரிவுப் பாதை, நாற்காலி வண்டி, கிளினிக். ஒரு பக்கம் பத்தவில்லை.

அக்கா தனியாக நடந்து போய்விட்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் எங்கள் கேட்டில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. கம்பி வழியாகப் பாரத்தை நீட்டினாள். ஆபீசிலிருந்து திருப்பி வாங்கி வந்திருக்கிறாள்.

"இதுல நீ எழுதினது பொய்யி. மாத்தி எழுது."

கேட் மேலேயே வைத்து எழுதினேன். நடுக்கோட்டிலிருந்து தூரம், தனியாக இருப்பது, பிரஷர். ஒவ்வொரு வரியையும் படிக்கச் சொன்னாள். முன்னே அப்படிக் கேட்டதில்லை.

"அக்கா..."

"எழுதிட்டியா? குடு."

போய்விட்டாள். அதற்குப் பிறகு ரெண்டு மாதம் பேச்சு இல்லை. நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவள் வாசல் கூட்டுவாள். துடைப்பச் சத்தம் மட்டும் கேட்கும். வேலையில் மாப் போடும்போது கண்ணாடிக் கதவில் என் முகம் தெரிந்தால் வேறு பக்கம் பார்ப்பேன். வீட்டில் அவர், "கடுதாசி வந்துச்சா?" என்று மட்டும் கேட்பார். தபால்காரன் மோட்டார் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை நிறுத்திவிடுவேன். மோட்டார் தாண்டிப் போன பிறகுதான் மறுபடி தொடுவேன்.

ரெண்டாவது கூட்டத்துக்குக் கடிதம் இந்தத் தடவை பதினாலு வீட்டுக்கும் தனித்தனியாக வந்தது. அதே பாலாய் ராயா. அதே கரிபாப். நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். அக்கா வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு இடம் இருந்தது.

புவான் ஒவ்வொரு எதிர்ப்பையும் பெயர் சொல்லாமல் வாசித்தார். நடக்க முடியாத நோயாளி உள்ள வீடு என்று என்னுடையதையும் வாசித்தார். என் எழுத்து இன்னொருத்தர் வாயிலிருந்து வருவதைக் கேட்க உடம்பு கூசியது. கடைசியில் சொன்னார். சிவப்புப் பாதை கைவிடப்படுகிறது. நீலத்திலும் வீடு அதிகம். கம்பெனி பச்சைப் பாதையை முன்வைக்கிறது. எதிர்ப்புச் சொல்ல இரண்டு வாரம் இருக்கிறது. அதற்குள் ஒன்றும் வராவிட்டால் பச்சைதான்.

கைதட்டினார்கள். எங்கள் ஆட்கள் எழுந்து நின்று கைகொடுத்துக்கொண்டார்கள். எனக்குக் கை வரவில்லை. பக்கத்தில் அக்காவும் தட்டவில்லை. வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பச்சையில யாரு இருக்கா?" ரெண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவள் கேட்டது இதுதான்.

"ஓடைக்கு அந்தாண்ட கீரை போடுற சீனவங்க. ஆறு வீடு."

"அவங்க யாரும் வரலியே."

சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர்களுக்குக் கெரான் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸ் புதுப்பித்துப் பயிர் வைக்கிறவர்கள். கடிதம் கெரானில் பேர் இருக்கிறவர்களுக்குத்தான் போகும். அதை நான் புவானிடம் போய்ச் சொன்னேன். அவர் குறித்துக்கொண்டார். நோட்டீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறோம், இன்னும் பார்க்கிறோம் என்றார். பார்க்கிறோம் என்றால் எத்தனை நாள் என்று எனக்குத் தெரியவில்லை. ரெண்டு வாரம்தான் இருக்கிறது.

வெளியே வந்தோம்.

"நீ போய்ச் சொல்லு," என்றாள் அக்கா. "அடுத்தவங்க அடுப்படியில கம்பியத் தள்ளுறதுல உனக்குத்தான் அனுபவம் இருக்கு."

"சொன்னா அவங்களும் பாரம் போடுவாங்க. அப்புறம் மறுபடி நம்ம பக்கம் வந்தா?"

"வரும்."

"அவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணுவேன், அக்கா?"

அவள் குடையை விரித்துக்கொண்டாள்.

வீட்டுக்குப் போய் அவரிடம் பச்சை என்று சொன்னேன். நல்லது என்றார். பிறகு ஓடைப் பக்கம் போகவேண்டியதைச் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே வெயிலைப் பார்த்தார்.

"போறதுன்னா வெயில் எறங்குறதுக்குள்ள போ. அங்க நாய் இருக்குது."

கூட்டத்தில் வாங்கி வந்த பாரம் ஆறு எடுத்துக்கொண்டேன். பலகைப் பாலத்தைத் தாண்டும்போது பின்னால் செருப்புச் சத்தம். அக்கா. பத்து எட்டு தள்ளி வந்துகொண்டிருந்தாள். நான் நின்றால் அவளும் நின்றாள்.

முதல் வீட்டில் நாய் குரைத்தது. கீரைப் பாத்தியிலிருந்து ஒரு கிழவர் நிமிர்ந்தார். கையில் தண்ணீர்க் குழாய். ரெண்டு தமிழ்க் கிழவிகளைப் பார்த்துக் காய் வாங்க வந்தோம் என்று நினைத்திருப்பார். கூடையை எடுக்கப் போனார்.

"தவுக்கே," என்று மரியாதையாகக் கூப்பிட்டு மலாயில் சொன்னேன். "காய் வேண்டாம். உங்கள் வீட்டுக்கு மேலே கம்பி வருகிறது. இரண்டு வாரத்துக்குள் எழுதிக் கொடுத்தால் கேட்பார்கள். எனக்கு எழுதத் தெரியும்."

அவர் குழாயை மூடினார். என் வீடு எது என்று கேட்டார். ஓடைக்கு எங்கள் பக்கம் கையைக் காட்டினேன். அங்கே பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, தன் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார். எழுத்துக்கு எழுத்து, மெதுவாக.

அக்கா கிட்டே வந்து எனக்குக் குடை பிடித்தாள். பாரத்தை முழங்கால்மேல் வைத்து எழுதினேன்.